வீட்டுக் கோழிக்கு அடிபட்டால்: தோல்காயச் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய், பூனை, கீரி, பருந்து, கம்பி, ஆணி, சேவலின் நகம், சக கோழிகளின் அலகு என்று கோழிக்குக் காயம் வர வழிகள் பல. பார்க்கவே பயமாக இருக்கும் காயத்திலிருந்துகூடக் கோழி பிழைத்துவிடும். அதைக் கொல்வது பெரும்பாலும் அதிர்ச்சி, மற்ற கோழிகளின் கொத்து, ஈ வைக்கும் புழு, உள்ளே தங்கிவிடும் அழுக்கு ஆகிய நான்கும்தான். ஆகவே பிரித்து வைப்பதும் நன்றாகக் கழுவுவதுமே சிகிச்சையின் முக்கால் பங்கு. களிம்பு அதற்கு அப்புறம்.

காயம்பட்ட கோழியைப் பார்த்ததும் முதலில் என்ன செய்வது?

முதலில் கூட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தும். நேற்றுவரை ஒன்றாகத் திரிந்த கோழிகளே இன்று குடல் வெளியே வரும்வரை கொத்தும். ஒரு துண்டை மேலே போட்டு, இறக்கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும்படி சுற்றித் தூக்குங்கள். தலையும் லேசாக மூடியிருந்தால் இருட்டில் கோழி அடங்கிவிடும். நெஞ்சை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தாலோ மல்லாத்தி நெடுநேரம் வைத்திருந்தாலோ காயம் கொல்லாத கோழியை நம் கை கொன்றுவிடும்.

அடுத்து, இரத்தம் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் அதை நிறுத்துங்கள். இல்லையென்றால் அவசரப்பட்டுக் கழுவ வேண்டாம். அட்டைப்பெட்டியிலோ கூண்டிலோ சுத்தமான பழைய துண்டை விரித்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் அரைமணி முதல் ஒருமணி நேரம் விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால் நல்லது. விளக்கையோ வெந்நீர்ப் புட்டியையோ ஒரு பக்கமாக மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் கோழி மறுபக்கம் நகர இடம் வேண்டும். வாயைத் திறந்து இரைத்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

கொண்டை வெளுத்து, பாதம் சில்லிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கூனி நிற்பது அதிர்ச்சியின் அடையாளம். அந்த நிலையில் கழுவுவது, இறகு வெட்டுவது, மருந்து போடுவது எல்லாமே கோழியைப் பொறுத்தவரை இன்னொரு தாக்குதல்தான். முதலில் அது சற்றுத் தேறட்டும்.

இரத்தம் நிற்கவே இல்லை. எப்படி நிறுத்துவது?

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, விரலால் 5 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கித் தூக்கிப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை. கட்டிக்கொண்டு வரும் இரத்தம் ஒவ்வொரு முறையும் பிய்ந்துவிடுகிறது. துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.

நகம், அலகு நுனி, கால்முள் ஆகியவற்றில் வரும் இரத்தத்துக்குச் சோளமாவை அழுத்திப் பிடித்தால் போதும். அதற்கென விற்கும் இரத்தம் நிறுத்தும் பொடியும் இந்த மூன்று இடங்களுக்கு மட்டும்தான். சதை தெரியும் காயத்தில் போட்டால் அந்தப் பொடி திசுவை எரிக்கும், மாவு அழுக்காக உள்ளே தங்கும்.

புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அது ஒடிந்தால் சொட்டிக்கொண்டே இருக்கும். அழுத்தியும் நிற்காவிட்டால், அடிப்பக்கத் தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, தண்டை அடியோடு பற்றி அது முளைத்த திசையிலேயே ஒரே இழுப்பில் பிடுங்கி, அந்தக் குழியை இரண்டு நிமிடம் அழுத்துங்கள். இறக்கையின் பெரிய இறகுகள் எலும்போடு பிணைந்தவை. அவற்றில் இந்த வேலையை மருத்துவரிடம் விட்டுவிடலாம்.

எவ்வளவு இரத்தம் போனால் ஆபத்து? கோழியின் இரத்தம் ஏறக்குறைய அதன் உடல் எடையில் 6 முதல் 8 சதவீதம். 2 கிலோ கோழிக்கு 120 முதல் 160 மி.லி. அதில் 20 மி.லி. வரை போவதை ஆரோக்கியமான கோழி தாங்கும். தரையில் சிந்திய 15 மி.லி.கூடப் பார்ப்பதற்குப் பெருவெள்ளமாகத் தெரியும், அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

ஒரே ஒரு காயம்தான் தெரிகிறது. அவ்வளவுதானா?

இருக்காது. இறகு எல்லாவற்றையும் மறைத்துவிடும். முதுகு, வால் அடிப்பகுதி, இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் உள்ள விலாப்பக்கம், தொடையின் உட்புறம், பின்துவாரத்தைச் சுற்றி, கழுத்தின் கீழே இரைப்பை (தின்ற தீனி முதலில் தங்கும் பை) இருக்கும் இடம் எல்லாவற்றையும் இறகை எதிர்த்திசையில் ஊதி ஊதிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு கற்றையாக நிற்கும் இறகுக்கு அடியில் பெரும்பாலும் ஒரு பல் ஓட்டை இருக்கும். கடித்த விலங்குக்கு மேல்பல்லும் உண்டு, கீழ்பல்லும் உண்டு. ஆகவே ஒரு ஓட்டையைக் கண்டால் எதிர்ப்பக்கத்திலும் தேடுங்கள்.

விரலால் தடவும்போது தோலுக்கடியில் நறநறவென்று காற்று நொறுங்குவதுபோல் பட்டால், நுரையீரலோடு இணைந்த காற்றுப்பையோ மூச்சுக்குழலோ கிழிந்திருக்கலாம்.

எதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எதற்குக் கால்நடை மருத்துவர் வேண்டும்?

தோல் மட்டும் சிராய்த்தது, கொத்தினால் உண்டான புண், சதை தெரிந்தாலும் உள்ளே ஓட்டையில்லாத கிழிசல் இவற்றை வீட்டிலேயே ஆற்றலாம். கீழே சொல்பவை அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டியவை:

- வயிற்றுக்குள் அல்லது நெஞ்சுக்குள் போகும் ஓட்டை, குடல் தெரிவது
- மூச்சு விடும்போது காயத்தில் குமிழி வருவது
- குடித்த தண்ணீரும் தின்ற தீனியும் கழுத்தடிக் காயம் வழியாக வெளிவருவது (இரைப்பை கிழிந்திருக்கிறது)
- எலும்பு வெளியே தெரிவது, இறக்கை தொங்குவது, காலை ஊன்ற முடியாதது
- பூனை கடித்த எந்தக் காயமும், சிறு ஓட்டையானாலும்
- 10 நிமிடம் அழுத்தியும் நிற்காத இரத்தம்

இரைப்பை கிழிந்த கோழிக்கு மருத்துவரிடம் போகும்வரை தீனியோ தண்ணீரோ வைக்காதீர்கள். இரைப்பையும் தோலும் தனித்தனி அடுக்காகத் தைக்கப்பட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே தையலாகப் போட்டால் பிரிந்துவிடும்.

காயத்தைச் சுற்றியுள்ள இறகைப் பிடுங்கலாமா?

வெட்டுங்கள், பிடுங்காதீர்கள். கோழித்தோல் மெல்லியது. இறகை இழுத்தால் கிழிசல் இன்னும் நீளும். காயத்தின் விளிம்பிலிருந்து 2 செ.மீ. அளவுக்குச் சுற்றிலும் இறகை, நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் தோலை ஒட்டி வெட்டுங்கள். வெட்டுமுன் தண்ணீரில் கரையும் மசகு ஜெல்லைக் காயத்துக்குள் நிரப்பிக்கொள்ளுங்கள். வெட்டிய துணுக்குகள் சதையில் ஒட்டாமல் ஜெல்லில் ஒட்டும். பிறகு கழுவும்போது ஜெல்லோடு சேர்ந்து போய்விடும். இது இல்லாமல் வெட்டினால் பொடிப்பொடியான இறகுத் துணுக்குகளை ட்வீசரால் பொறுக்கவே அரைமணி நேரமாகும். அந்த அரைமணியும் கோழிக்கு வலி.

எதனால் கழுவுவது? அளவு சொல்லுங்கள்.

முதல் தேர்வு உப்புநீர். 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 9 கிராம் உப்பு (தலைதட்டிய ஒன்றரை தேக்கரண்டி தூளுப்பு) கரைத்து, மணிக்கட்டில் விட்டால் இளஞ்சூடாகப் படும்வரை ஆறவிடுங்கள். கோழியின் உடல்சூடு 41 டிகிரிக்கு அருகில் இருக்கும். குளிர்ந்த நீரை ஊற்றினால் ஏற்கெனவே தளர்ந்த கோழி மேலும் நடுங்கும். மூடி வைத்து அன்றைக்குள் பயன்படுத்துங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். உப்பை அதிகம் போட்டால் கிருமி சாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தச் செறிவில் சதையின் செல்களும் சேர்ந்தே சாகும், கோழிக்கும் எரியும்.

ஊசி மாட்டாத 20 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சி, காயத்துக்கு 3, 4 செ.மீ. தள்ளிப் பிடித்து, சாய்வாகப் பீய்ச்சுங்கள். அழுக்கு வெளிப்பக்கமாக வழியவேண்டும். காயத்தின் ஒவ்வொரு செ.மீ. நீளத்துக்கும் 50 முதல் 100 மி.லி. என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 5 செ.மீ. கிழிசலுக்குக் குறைந்தது கால் லிட்டர். பெரும்பாலோர் ஒரு சிரிஞ்சு அடித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. மண், இறகு, தீனித்துகள் எதுவும் இல்லாமல் சதை ஈரமான இளஞ்சிவப்பாகத் தெரியும்வரை தொடருங்கள்.

முதல் இரண்டு நாள், அழுக்கான காயத்துக்குக் கிருமிநாசினியும் சேர்க்கலாம். 10 சதவீதப் பொவிடோன் அயோடின் என்றால் 1 லிட்டரில் 10 மி.லி. நிறம் வெளிறிய தேநீர்போல் இருக்கவேண்டும். கடும் பழுப்பாக இருந்தால் செறிவு கூடிவிட்டது. 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்றால் 25 மி.லி. எடுத்துத் தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்குங்கள், செறிவு 0.05 சதவீதம் வரும். குளோர்ஹெக்சிடினை உப்புநீரில் கலக்காதீர்கள், வெண்படிவாகத் திரிந்துவிடும். கண், காது பக்கம் அது வேண்டவே வேண்டாம், உப்புநீர் மட்டும் போதும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சதை வளரத் தொடங்கியதும் கிருமிநாசினியை நிறுத்திவிட்டு வெறும் உப்புநீருக்கு வந்துவிடுங்கள்.

ஆழமான ஓட்டைக்குள்ளும் பீய்ச்சலாமா?

முதுகு, விலா, வயிறு ஆகிய இடங்களில் ஆழமாகப் போகும் ஓட்டைக்குள் எதையும் பீய்ச்சாதீர்கள். கோழியின் உடலுக்குள் நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் பரவிக் கிடக்கின்றன. ஓட்டை அதில் திறந்தால், நீங்கள் அடிக்கும் தண்ணீர் நேராக மூச்சுப்பாதைக்குள் போய்க் கோழி மூழ்கிச் சாகும். தோளிலிருந்து முழங்கை வரையுள்ள மேல் இறக்கை எலும்பும் உள்ளே காற்றோடியது. அது முறிந்து வெளியே தெரிந்தாலும் இதே எச்சரிக்கைதான். ஈரத்துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உப்புநீரில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியால் மூடி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கழுவியபின் என்ன தடவுவது?

மெல்லிய பூச்சாக ஏதாவது ஒன்று. 1 சதவீத சில்வர் சல்ஃபடயசின் க்ரீம், ஹைப்போகுளோரஸ் அமில ஸ்ப்ரே, கிருமி நீக்கிய மருத்துவத் தேன் இந்த மூன்றுமே நல்ல தேர்வு. காயம் காய்ந்து வெடிக்காமல் ஈரப்பதத்தோடு இருந்தால் புதுத்தோல் விளிம்பிலிருந்து நகர்ந்து வர வழி கிடைக்கும். களிம்பின் வேலை அவ்வளவுதான். கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நன்றாகக் கழுவிய காயம் ஆறும். கழுவாத காயத்தில் எவ்வளவு விலையுயர்ந்த களிம்பைத் தடவினாலும் ஆறாது.

அப்பித் தடவாதீர்கள். எண்ணெய்ப்பசை இறகில் பரவினால் கோழி உடல்சூட்டைத் தக்கவைக்க முடியாமல் போகும், அழுக்கும் வைக்கோலும் வந்து ஒட்டும். கோழி தன் காயத்தைத் தானே கொத்தும் என்பதையும் மறக்கவேண்டாம். தடவுவதெல்லாம் வயிற்றுக்குள்ளும் போகும்.

எதையெல்லாம் தவிர்க்கவேண்டும்?

வலி தெரியாமல் இருக்கப் போடும் "கேய்ன்" என்று முடியும் மருந்துகள் (பென்சோகேய்ன், லிடோகேய்ன் போன்றவை) கலந்த களிம்புகளை வீட்டில் போடவேண்டாம். பறவைகளுக்கு இவற்றின் அளவு கொஞ்சம் தாண்டினாலும் வலிப்பும் இதயக் கோளாறும் வரும். வாங்குமுன் உறையில் படித்துப் பாருங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் அழுக்கெல்லாம் வெளியேறுவதுபோல் தோன்றும். ஆனால் அது புதிதாக வளரும் செல்களையும் அழிக்கிறது. தினமும் ஊற்றினால் காயம் ஆறாமல் அப்படியே நிற்கும். ஸ்பிரிட், டெட்டால் வகைத் திரவங்கள், மண்ணெண்ணெய், டர்பன்டைன் எல்லாம் திசுவை எரிப்பவை. துத்தநாக ஆக்சைடு களிம்பைக் கோழி கொத்தித் தின்றால் துத்தநாக நஞ்சேறும். மஞ்சள்நிற நைட்ரோஃபியூரசோன் களிம்பையும் ஊதாநிற ஜென்ஷியன் வயலெட்டையும் முட்டைக்கோ இறைச்சிக்கோ வளர்க்கும் பிராணிகளுக்குப் பயன்படுத்தப் பல நாடுகளில் அனுமதி இல்லை. காயத்தின் சிவப்பை மறைக்கவேண்டும் என்றால், கோழிக்கென்றே அனுமதிக்கப்பட்ட நீலநிற ஸ்ப்ரேக்கள் உண்டு.

மாவாக எதையும் காயத்துக்குள் தூவவேண்டாம். ஈரத்தில் குழைந்து ஓடாகிவிடும், அதனடியில் கிருமி வளரும்.

தோல் கிழிந்து தொங்குகிறது. தைக்கவேண்டாமா?

கம்பியில் மாட்டி நேராகக் கிழிந்த சுத்தமான காயத்தை, சுமார் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் மருத்துவர் தைத்தால் விரைவாக ஆறும். விலங்கு கடித்ததையும், மண் புகுந்ததையும், நேற்றே பட்ட காயத்தையும் மூடித் தைப்பது தவறு. உள்ளே கிருமியை வைத்துப் பூட்டுவதாகும். பசை போட்டு ஒட்டுவதும் அதே தவறுதான்.

கோழித்தோல் உடம்போடு தளர்வாக ஒட்டியிருப்பதால் திறந்த காயம் சுருங்கிச் சுருங்கியே மூடிக்கொள்ளும். உள்ளங்கையளவு தோல் போன முதுகும், பின்மண்டை முழுவதும் உரிந்த தலையும்கூட நாலைந்து வாரங்களில் மூடிவிடுவதுண்டு. தொங்கும் தோல் இளஞ்சிவப்பாக, தொட்டால் சூடாக இருந்தால் உயிருள்ளது. கழுவி அதன் இடத்தில் படியவைத்து மேலே கட்டுப்போடுங்கள், அதுவே இயற்கையான மூடி. கறுத்து விறைத்துவிட்டால் அந்தப் பகுதி தானே உலர்ந்து பிரியும், பிரியும்போது கத்தரித்துவிடலாம். இழுத்துப் பிய்க்கவேண்டாம்.

கட்டுப்போட வேண்டுமா?

எல்லாக் காயத்துக்கும் வேண்டாம். தனியாக, சுத்தமான துண்டின் மேல், ஈ வராத இடத்தில் இருக்கும் கோழிக்குச் சிறு காயத்தைத் திறந்தே விடலாம். சதை அகலமாகத் தெரிந்தாலோ கோழி அதைக் கொத்தினாலோ மூடுங்கள். அடியில் ஒட்டாத வகை காஸ், அதன்மேல் பஞ்சுப்பட்டை, அதன்மேல் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் சுருள்கட்டு. சாதாரணப் பஞ்சை நேராக வைத்தால் நார்கள் சதையில் சிக்கிக்கொள்ளும், எடுக்கும்போது புதுத்தோலும் வரும்.

உடம்பைச் சுற்றிக் கட்டினால் கட்டுக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழையவேண்டும். கட்டியபின் 10 நிமிடம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். வால் மேலும் கீழும் ஆடினாலோ வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். காலில் கட்டியிருந்தால் விரல்கள் வீங்குகின்றனவா, சில்லிடுகின்றனவா என்று அடுத்த சில மணி நேரத்தில் பாருங்கள். முதல் நான்கைந்து நாள் தினமும் கட்டை மாற்றவேண்டும். பிறகு நீர் வடிவது குறைந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. நனைந்த கட்டு என்றால் எப்போதாக இருந்தாலும் உடனே மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டால் உப்புநீரில் ஊறவைத்தபின் எடுங்கள்.

இரண்டு நாளில் காயத்தைச் சுற்றிப் பச்சையாகிவிட்டது. அழுகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, அது கன்றிப்போன இடம். நமக்கு அடிபட்டால் நீலமாகிப் பிறகு மஞ்சளாகும். உறைந்த இரத்தம் சிதையும்போது பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி உண்டாகிறது. நம் உடலில் ஒரு நொதி அதை மஞ்சளாக மாற்றும். கோழிக்கு அந்த நொதி இல்லை, ஆகவே பச்சை அப்படியே நிற்கும். சில நேரம் பார்க்கவே திடுக்கிடும் அளவு பளிச்சென்ற பச்சையாக இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் மங்கிவிடும்.

மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். நாற்றமில்லாமல், தோல் உலர்ந்து, கோழி தீனி தின்றால் கன்றியதுதான். நாற்றம் அடித்தால், தோல் ஈரமாகக் கறுத்துக் குழைந்தால், சுற்றிலும் வீங்கிச் சூடாக இருந்தால் அது அழுகல். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சீழ் வெளியே வராமல் கட்டியாக இருக்கிறதே?

கோழியின் சீழ் நம்முடையதைப்போல் ஒழுகாது. அதன் வெள்ளணுக்களில் சீழை நீர்க்கவைக்கும் நொதி குறைவு. ஆகவே அது மஞ்சள்வெள்ளைக் கெட்டிக் கட்டியாக உறைந்து உட்கார்ந்துவிடும். ஓட்டை போட்டால் வடிந்துவிடும் என்று பிதுக்குவதில் பயனில்லை, கிருமி சதைக்குள்தான் தள்ளப்படும். திறந்து, கட்டியை முழுசாக எடுத்து, குழியைக் கழுவினால்தான் தீரும். தோலுக்கு மேலாக, தளர்வாகத் தெரியும் சிறு துண்டை ஊறவைத்து ட்வீசரால் எடுக்கலாம். ஆழத்தில் உள்ளதையும் பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கோடு வரும் கட்டியையும் மருத்துவர் மரக்கச் செய்து எடுப்பதே முறை.

சதையின் மேல் படியும் மெல்லிய மஞ்சள் படலத்தைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். அது ஆறும் காயத்தில் இயல்பாக வருவது.

புழு வைத்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

சீக்கிரம் கண்டால் முடியும். வெப்பமான நாளில் ஈ இட்ட முட்டை 8 முதல் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். காலையில் சுத்தமாக இருந்த காயத்தில் மறுநாள் புழு நெளிவது இதனால்தான். அதிலும் பின்துவாரத்தைச் சுற்றி எச்சம் ஒட்டியிருக்கும் கோழிக்கு ஆபத்து இரட்டிப்பு.

இறகை அகலமாக வெட்டிவிடுங்கள். இறகுத் தண்டில் கொத்தாக ஒட்டியிருக்கும் வெண்மஞ்சள் முட்டைகளையும் விடாமல் வெட்டி எடுங்கள். கண்ணில் படும் புழுக்களை ட்வீசரால் எடுத்து, இளஞ்சூட்டு உப்புநீரைப் பலமுறை பீய்ச்சுங்கள். வால்பக்கம் என்றால், கோழியின் பின்பாதியை மட்டும் இளஞ்சூட்டு உப்புநீரில் 10 நிமிடம் அமிழ்த்திப் பிடித்தால், மூச்சுக்காகப் புழுக்கள் வெளியே வரும். அப்போது எடுப்பது எளிது. வயிற்றுக்குள் ஓட்டை விழுந்திருந்தால் இப்படி அமிழ்த்தக்கூடாது.

பிறகு நன்றாகத் துவட்டி, தலைமுடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் வைத்து முழுவதும் உலர்த்துங்கள். ஒருமுறை எடுத்ததோடு முடியாது. தோலுக்கடியில் பைபோல் குடைந்து உள்ளே இருப்பவை சில மணி நேரம் கழித்துத்தான் எட்டிப்பார்க்கும். இரண்டு நாளைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். டர்பன்டைன் ஊற்றினால் புழு வெளியே வரும் என்பது உண்மைதான், ஆனால் ஏற்கெனவே அரிக்கப்பட்ட சதை அதோடு வெந்துபோகும். ஐவர்மெக்டின் போன்ற மருந்தைக் கோழியின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் கொடுக்கவேண்டும்.

புழுவெல்லாம் போனபின்பும் சில கோழிகள் ஒருநாள் கழித்துத் துவண்டுவிடும். புழுக்களும் சிதைந்த சதையும் விட்ட நஞ்சு இரத்தத்தில் கலந்திருக்கும். வெப்பமும் நீர்ச்சத்தும் அந்த நாட்களில் மிக முக்கியம்.

பூனைக் கடிக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்?

பூனையின் பல் ஊசி மாதிரி மெல்லியது, வெளியே புள்ளி, உள்ளே ஆழம். அதன் வாயில் வாழும் பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்ற கிருமி பறவையின் இரத்தத்தில் வேகமாகப் பரவும். காயம் மூடிவிட்டது போலிருக்க, ஓரிரு நாளில் கோழி செத்துக் கிடக்கும். ஆகவே அன்றே ஆன்டிபயாடிக் தொடங்கவேண்டும்.

நாய் கடித்தால் ஓட்டையைவிட உதறல்தான் கேடு. வாயில் கவ்வி உதறும்போது தோலும் சதையும் உள்ளே பிரிந்து நசுங்கிவிடும், வெளியே தெரிய மூன்று நான்கு நாளாகும். கடித்த நாய்மேல் வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால், எச்சில் படிந்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள்.

வலிக்கு நம் மாத்திரையைக் கொடுக்கலாமா? மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்?

வேண்டாம். நாம் வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து. தெற்காசியாவில் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததற்குக் காரணமே அதுதான். கோழிக்கு வலி இருக்கிறது என்பது உண்மை. அடக்கி வைத்துக்கொள்ளும், காட்டாது. மெலாக்சிகாம் போன்ற மருந்தை எடைக்கேற்ற அளவில் மருத்துவர் கொடுத்தால், மறுநாளே தீனி எடுக்கத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

ஆன்டிபயாடிக் எல்லாக் காயத்துக்கும் தேவையில்லை. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதோடு, முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள் தவிர்க்கவேண்டும் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உணவுக்கு வளர்க்கும் பறவைகளுக்குக் கொடுக்கக்கூடாத ஆன்டிபயாடிக்குகளும் உண்டு, நாட்டுக்கு நாடு பட்டியல் மாறும். என்ரோஃப்ளாக்சசினைக் கோழிகளுக்குக் கொடுக்க அமெரிக்காவில் 2005-லேயே அனுமதி விலக்கப்பட்டது.

தீனியும் தண்ணீரும்?

வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய், நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டால் அதுவே சப்பி விழுங்கும். முதல் நாள் 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து வைக்கலாம், பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கவேண்டும். வழக்கமான தீனியை ஈரமாக்கிக் கொடுங்கள், வேகவைத்த முட்டையைப் பிசைந்து கொஞ்சம் சேருங்கள். தோலும் இறகும் புரதத்தால் ஆனவை. 16 சதவீதப் புரதத் தீனி தின்ற கோழிக்கு ஆறும் காலத்தில் 20 சதவீத அளவுள்ளது நல்லது.

தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். எடையில் 10 சதவீதம் இறங்கினால் எச்சரிக்கை. எச்சம் பச்சையாக, சளிபோல், அளவு குறைந்து வந்தால் கோழி தின்னவில்லை, பித்தநீர் மட்டும்தான் வருகிறது. தட்டில் தீனி கலைந்திருப்பதை நம்பாதீர்கள், இரவில் இரைப்பையைத் தடவிப் பாருங்கள்.

எத்தனை நாளில் ஆறும்?

முதல் இரண்டு நாள் சிவந்து, லேசாக வீங்கி, நீர் வடியும். 3 முதல் 5 நாளில் சிவப்பு மணிமணியாகச் சதை எழும். அதைக் கண்டால் நிம்மதியடையலாம். பிறகு விளிம்பு சுருங்கி உள்நோக்கி வரும், உலர்ந்த பொருக்கு கட்டும். பொருக்கை உரிக்காதீர்கள். சிறு காயத்துக்கு ஒன்றிரண்டு வாரம், உள்ளங்கையளவு காயத்துக்கு நாலு முதல் ஆறு வாரம். ஒரு வாரமாகியும் அளவு குறையவே இல்லையென்றால், உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது, அல்லது நீங்கள் போடும் ஏதோ ஒன்று ஆறவிடாமல் தடுக்கிறது.

இறகு திரும்ப முளைக்குமா?

வேரோடு பிடுங்கப்பட்டது சில வாரங்களில் முளைக்கும். வெட்டியது அடுத்த இறகுதிர்ப்பு வரை காத்திருக்கும். வேர்க்குழியோடு தோல் போன இடத்தில் முளைக்காது, தழும்பாக நிற்கும்.

கொண்டையில் காயம்?

அதிகமாக இரத்தம் வரும், சீக்கிரம் ஆறும். அழுத்தி நிறுத்துங்கள், கழுவுங்கள், மெல்லிய களிம்பு போதும். உலர்ந்த இரத்தத்தை நன்றாகத் துடைத்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.

சேவல் ஏறி ஏறி முதுகும் விலாவும் கிழிகின்றன. ஆறியதும் மறுபடி கிழிகிறதே?

காரணம் இருக்கும்வரை காயமும் வரும். சேவலின் நகமும் கால்முள்ளும் இறக்கைக்கு அடியில் நீளவாக்கில் கிழிக்கும். வெளியே ஒன்றுமே தெரியாது, தூக்கிப் பார்த்தால் ஒரு சாண் கிழிசல். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை இருக்கவேண்டும். முள்ளின் கூர்நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். அடிவரை வெட்டினால் உள்ளே எலும்பும் இரத்தமும் உண்டு. முதுகில் இறகு போன பெட்டைக்குத் துணிச்சேணம் போடலாம். திறந்த காயத்தின்மேல் போட்டால் அடியில் புழுங்கும், ஆறிய பிறகே போடுங்கள்.

சக கோழிகள் கொத்துவதற்குக் காரணம் வேறு: இட நெருக்கடி, கடும் வெளிச்சம், புரதமோ உப்போ குறைந்த தீனி, பேன், உண்ணி. கொட்டகைக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே 10 சதுர அடியாவது இருக்கட்டும்.

எப்போது கூட்டத்தில் திரும்ப விடலாம்?

தோல் முழுவதும் மூடி, சிவப்பு எங்கும் தெரியாதபோது. அதுவரை முடிந்தால் கம்பிவலைக்கு இந்தப்பக்கம், மற்றவை பார்க்கும்படி வையுங்கள். கண்ணில் படாமல் இரண்டு வாரம் இருந்த கோழியை மற்றவை அந்நியமாகத்தான் நடத்தும். விடும் நாளில் தீனித்தட்டும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். முதல் ஒருமணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒன்றிரண்டு கொத்து இயல்பு. துரத்தித் துரத்தி ஒரே இடத்தில் கொத்தினால், துரத்தும் கோழியைச் சில நாள் தனியே அடைத்துவையுங்கள்.

எந்த நிலையில் கோழியைத் துன்பத்திலிருந்து விடுவிப்பது சரி?

குடல் சரிந்து அழுக்கானது, முதுகெலும்பு முறிந்து இரண்டு காலும் செயலற்றது, உடம்பு சில்லிட்டு அழைத்தாலும் தொட்டாலும் அசைவில்லாதது, புழு வயிற்றறைக்குள் நுழைந்தது. இவற்றில் சிகிச்சை என்ற பெயரில் நாட்களை இழுப்பது அதற்கு வேதனை மட்டுமே. மருத்துவரிடம் வலியில்லாமல் முடித்துவைக்கக் கேளுங்கள். காயம் எவ்வளவு பெரிதானாலும், கண் திறந்து சுற்றிப் பார்த்து, அலகருகே வைத்ததைக் கொத்தும் கோழிக்கு வாய்ப்பு கொடுக்கலாம்.

சிகிச்சை செய்யும்போது என்னைக் கீறிவிட்டது. பயமா?

சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் சில நிமிடம் கழுவுங்கள். கோழிகள் டெட்டனஸ் நஞ்சை நன்றாகத் தாங்கும், நாம் தாங்கமாட்டோம். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். கோழியின் எச்சத்திலும் இறகிலும் சால்மொனெல்லா இருக்கக்கூடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் மேடையில் வைத்துச் சிகிச்சை செய்யாதீர்கள். பயன்படுத்திய துண்டைத் தனியாக வெந்நீரில் துவையுங்கள்.